விடியப்புறம் மூன்று மணிக்கு வார்ட்டில் நிற்பவருக்கு

கேள்வி: நான் மருத்துவபீட இறுதி வருட மாணவி. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது மலைநாட்டுப் பெரிய வைத்தியசாலை ஒன்றில் மெடிசின் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் வார்ட் அவசர நோயாளிகளைச் சேர்க்கும் கெஷுவல்டி நாள் வந்தால் காலை ரவுண்ட்ஸில் தொடங்கி மறுநாள் ரவுண்ட்ஸ் முடியும்வரை நிற்கிறோம். போன முறை காலையில் கேஸ் பிரசன்ட் பண்ணும்போது இரண்டு நோயாளிகளின் பொட்டாசியத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். தூக்கம் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று ஒரு சீனியர் நோயாளிகள் முன்னாலேயே ஏசினார். தமிழ் நோயாளி வந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அன்றிரவும் குளவி கொட்டிய ஓர் அம்மாவோடு வெகுநேரம் நின்றதில் என் சொந்தக் கேஸ் ஒன்றும் உருப்படியாகப் பார்க்கவில்லை. ஒன்றுக்கு சாயத்தண்ணி மாதிரிப் போகிறது என்று அந்த அம்மா சொன்னதை உள்ளகப் பயிற்சி வைத்தியரான ஹவுஸ் ஒஃபிசரிடம் சொன்னேன், அவ்வளவுதான் நான் செய்தது. ஹொஸ்டலுக்கு வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை, அழுகைதான் வருகிறது. கூடப் படிக்கும் ஒருவர் முழித்திருக்க மாத்திரை போடுகிறார், எனக்கும் தரவா என்கிறார். அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் இரவு வேலை செய்பவர். அவரிடம் போய் இரவு முழிக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்தது உள்ளகப் பயிற்சி. இந்தத் தொழில் எனக்குச் சரிவருமா?
பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, பொட்டாசியம் மாறிப்போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். குளவி கொட்டிய அம்மாவைப் பற்றி இரண்டு வரிதான். நான் அந்த அம்மாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக் கூடு கலைந்து கொட்டு வாங்கியவர்கள் தேயிலைப் பகுதி வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் வருவார்கள். முதல் மணித்தியாலத்தின் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். பிரஷர் விழும், மூச்சு இறுகும், தொடைத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் உடனே போக வேண்டும். அதில் தேறியவருக்கும் சில மணித்தியாலம் கழித்து அதே ஒவ்வாமை திரும்ப வரலாம் என்பதால் இரவு வார்ட்டில் வைத்துப் பார்ப்போம். நிறையக் கொட்டு வாங்கியவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, அது சத்தமில்லாமல் வரும். விஷம் தசையையும் சிவப்பணுக்களையும் சிதைக்கும். அந்தச் சிதைவு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். முகம் வீங்கி, சிறுநீர் நின்று, எல்லோரும் கவனிக்கிற நேரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ போயிருக்கும். அதற்கு முன்னால் வரும் அடையாளங்களில் முக்கியமானது சிறுநீரின் நிறம். அந்த நேரத்தில் பிடித்தால் சிறுநீரகத்தையும் தசைச் சிதைவையும் காட்டும் கிரியட்டினின், சீகே இரத்தப் பரிசோதனைகளை அனுப்பி, சேலைன் கூட்டி, மணிக்கு மணி சிறுநீரை அளந்து சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழியிருக்கிறது.

இந்த நிறத்தை வைத்தியர் பார்ப்பதில்லை. மங்கிய வெளிச்சமுள்ள டொய்லட்டில், நடு இரவில், தனியாகப் போய் வந்த அந்த அம்மா மட்டும்தான் பார்த்தார். யாராவது கேட்டால்தான் சொல்லுவார். கேட்டவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அவசரமில்லாமல் பக்கத்தில் நிற்கவும் வேண்டும், ஏனென்றால் தோட்டத்திலிருந்து வருகிற வயதான பெண்கள் ஒன்றுக்கு, வெளிக்குப் போகிற விஷயத்தை முதல் கேள்விக்குச் சொல்ல மாட்டார்கள். “ஒண்ணுமில்ல தொர” என்று வைத்தியரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் போன பிறகு பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டுச் சொல்லுவார்கள். நீங்கள் நின்றீர்கள், அவர் சொன்னார், போக வேண்டிய இடத்துக்குச் செய்தி போனது. மொழிபெயர்ப்பு என்று நீங்கள் கழித்துவிட்ட வேலை, மெடிசினில் நாங்கள் பரீட்சை வைத்துத் தேடுகிற வேலை.

ஆகவே கெஷுவல்டி இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இதுதான். மாணவருக்கு அந்த இரவின் பயன் விடியும்வரை கண்ணைத் திறந்து வைத்திருப்பதில் இல்லை. ஒரு நோயாளியை, முடிந்தால் இரண்டு பேரை, வாசலில் இறங்கியதிலிருந்து மறுநாள் காலைவரை விடாமல் பின்தொடர்வதில் இருக்கிறது. எட்டு மணிக்கு எப்படி இருந்தார், மருந்து போன பிறகு என்ன மாறியது, இரண்டு மணிக்கு ஏன் திரும்பக் கூப்பிட்டார்கள், நாம் நினைத்த நோய் காலையில் சரியாக இருந்ததா. பகல் கிளினிக்கில் இதைப் பார்க்கவே முடியாது. நோய் நகர்வதை இரவுதான் காட்டும். இருபது கட்டிலை எட்டிப் பார்த்து இருபது நோயின் பெயரை எழுதிக்கொண்டு வருகிறவருக்கு அது கிடைப்பதில்லை.

இனித் தூக்கம். மனித உடம்பின் வெப்பநிலை விடியப்புறம் நான்கு, ஐந்து மணியளவில் நாளின் மிகக் குறைந்த மட்டத்துக்கு இறங்கும். விழிப்பு, ஞாபகம், கணக்குப் போடும் வேகம் எல்லாம் அதோடு சேர்ந்தே இறங்கும். அந்த நேரத்து நடுக்கத்தை நாங்கள் நுவரெலியாக் குளிரின் மேல் போட்டுவிடுகிறோம், ஆனால் கண்டியிலும் மாத்தளையிலும்கூட அதே மணிக்கு ஸ்வெட்டர் தேடுகிறவர்கள் உண்டு. 1997இல் அவுஸ்திரேலியாவில் இதை அளந்து பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் வேலை செய்த விதம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல இருந்தது. 24 மணித்தியாலத்தில் அது 0.10 வீதத்துக்கு ஈடானது. காலை ஆறு மணிக்கு எழும்பிய உங்களுக்கு அந்த 17 மணித்தியாலம் இரவு பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் நீங்கள் எந்த நிலையில் பைலைத் திறந்தீர்கள் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். இதில் குணக்குறை ஒன்றும் இல்லை. மனவுறுதி உள்ளவருக்கும் இதே உடம்புதான்.

உங்களை ஏசிய சீனியர் செய்தது பிழை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நோயாளி முன்னால் மாணவரை அவமானப்படுத்தினால் அந்த மாணவர் அடுத்த முறை தன் சந்தேகத்தை வெளியே சொல்ல மாட்டார். அதன் விலையைக் கொடுப்பது நோயாளி. ஆனால் அவர் ஏசியது பிழை என்பதால் பொட்டாசியம் மாறியது சின்ன விஷயமாகிவிடாது. பொட்டாசியம் 6.8 என்று கூடிப்போனவருக்கு கல்சியம் குளுக்கோனேட்டும், இன்சுலினோடு குளுக்கோஸும் போகும். அதே இன்சுலின் 3.1 என்று குறைந்திருப்பவருக்குப் போனால் பொட்டாசியம் இன்னும் இறங்கி இதயத் துடிப்பின் தாளமே குலையலாம். எண் யாருடையது என்பது எண்ணைவிட முக்கியம்.

அதற்கு வழி ஞாபகத்தை நம்பாமல் இருப்பதுதான். சட்டைப் பைக்குள் போகிற கொப்பி ஒன்று. ஒரு நோயாளிக்கு ஒரு பக்கம், மேலே பெயர், வயது, பீஎச்டீ என்கிற நோயாளிக் குறிப்பேட்டின் இலக்கம். கட்டில் இலக்கத்தை மட்டும் எழுதாதீர்கள். கெஷுவல்டி இரவில் கட்டில் மாறிக்கொண்டே இருக்கும், தரையில் பாய் போட்டுப் படுத்தவர் விடிவதற்குள் கட்டிலுக்கு ஏறியிருப்பார். தோட்டப் பகுதி வார்ட்டில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரே இரவில் இரண்டு லெட்சுமி, இரண்டு பெருமாள் இருப்பார்கள், தகப்பன் பெயரைக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டிவரும். ரிப்போர்ட்டை ஃபோனில் கேட்டு எழுதினால் பெயரையும் எண்ணையும் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். காலையில் பிரசன்ட் பண்ணும்போது அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள், மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. “சேர், நேற்றுக் காலையிலிருந்து நிற்கிறேன், இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் மாணவியைத்தான் நான் நம்புவேன்.

வைத்தியர்களின் வேலைநேரத்தைப் பற்றிய பேச்சு உலகத்தில் எங்கே தொடங்கியது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1984இல் நியூயோர்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போய், சேர்த்த சில மணித்தியாலங்களில் இறந்தார். அன்றிரவு அவரைப் பார்த்தவர்கள் பயிற்சி வைத்தியர்கள். நீண்ட வேலைநேரத்தில், பல நோயாளிகளின் பொறுப்போடு நின்றவர்கள். பத்திரிகையாளரான அவருடைய தகப்பன் விடவில்லை. 1989இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி வைத்தியருக்கு வாரம் 80 மணித்தியாலம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது, 2003இல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. 2004இல் போஸ்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், 24 மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து நின்ற முறையில் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களின் கடுமையான பிழைகள் 36 வீதம் அதிகமாக இருந்தன. நேரத்தைக் குறைப்பது மட்டும் போதாது என்பதும் பிறகு தெரிந்தது, ஏனென்றால் ஆள் மாற மாற நோயாளியைக் கைமாற்றும்போது செய்தி சிந்துகிறது. ஒன்பது வைத்தியசாலைகளில் கைமாற்றும் விதத்தை ஒழுங்குபடுத்திய ஆய்வு 2014இல் வெளியானது, அங்கே மருத்துவப் பிழைகள் 23 வீதம் குறைந்தன. நான் கொப்பி, கொப்பி என்று சொல்வது இதனால்தான்.

அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அவருக்கு இது நன்றாகப் புரியும். பகலில் எடுத்த கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியப்புறம் ரோலருக்குப் போகிறது. அந்த வேலைக்கு நிற்கிறவர் பகலில் படுத்து எழும்பி வருகிறவர். முறை முடிந்ததும் வீட்டுக்குப் போவார், அடுத்த பகலும் அதே மெஷினில் நில் என்று யாரும் சொல்வதில்லை. அவர் செய்வது இரவு வேலை. நீங்கள் செய்வது ஒரு பகல், ஒரு இரவு, திரும்ப ஒரு பகலின் பாதி. இரண்டையும் பக்கத்தில் வைத்து உங்களை நீங்களே குறைவாக எடைபோடுவது நியாயமில்லை. பகலில் எப்படித் தூங்குகிறார் என்று அவரிடம் கேளுங்கள். லயத்தில் பிள்ளைகள் சத்தத்துக்கும் றேடியோவுக்கும் நடுவில் வருடக்கணக்காகப் பகலில் தூங்கிய மனிதருக்கு, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத யோசனைகள் இருக்கும்.

என்னுடைய யோசனைகளும் சில. கெஷுவல்டிக்கு முதல் நாள் இரவு படிப்பை வைத்துக்கொள்ளாமல் முழுதாகத் தூங்குங்கள். அன்று மத்தியானம் லெக்சர் இல்லையென்றால் ஒன்றரை மணித்தியாலம் படுங்கள், தூக்கம் வராவிட்டாலும் படுங்கள். இரவில் உங்கள் குழுவுக்குள் முறை வைத்து ஆளுக்கு இருபது நிமிடம் கண்ணை மூடலாம், அது சோம்பல் ஆகாது. எழும்பியவுடன் மூளை உடனே திரும்பாது. பதினைந்து, முப்பது நிமிடத்துக்கு மருந்தளவுக் கணக்கு எதிலும் கை வைக்காதீர்கள், இரத்தம் எடுக்கவும் போகாதீர்கள். டீ, கோப்பியை இரவின் முதல் பாதியோடு நிறுத்திவிடுங்கள். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணித்தியாலம் போல ஆகும், விடியப்புறம் மூன்று மணிக்குக் குடித்த கோப்பிதான் காலையில் ஹொஸ்டல் கட்டிலில் உங்களை முழிக்க வைக்கிறது. நடுச்சாமத்தில் சோற்றுப் பார்சலை முழுதாகச் சாப்பிட்டால் கண் தானாகச் சொருகும். கொஞ்சம் கடலை, ஒரு ரொட்டி, வாழைப்பழம் போதும். காலையில் வந்ததும் ஃபோனை நிறுத்தி, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, கால் சூடாக இருக்கும்படி போர்த்திக்கொண்டு படுங்கள். அம்மாவிடம் மத்தியானத்துக்கு முன்னால் கோல் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இரவு முடிந்த காலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. கினிகத்தேனை வளைவுகளை நல்ல தூக்கத்தோடு போகிறவரே கவனமாகத்தான் எடுக்கிறார். பஸ்ஸில் போவதென்றால் உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள்.

ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். களைத்த கைதான் ஊசிக்கு மூடி போடப் போய்க் குத்திக்கொள்ளும். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். உடனே வார்ட்டுப் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணித்தியாலத்தைத் தாண்டினால் பயனில்லை.

மாத்திரை வேண்டவே வேண்டாம். வேறொருவருக்கோ வேறொரு நோய்க்கோ எழுதுகிற மருந்து அது. கண்ணைத் திறந்து வைக்கும், தீர்மானம் எடுக்கும் புத்தியைத் திருப்பித் தராது. களைப்பே தெரியாமல் களைத்திருப்பவர் வார்ட்டில் மிகவும் ஆபத்தானவர். நெஞ்சு படபடப்பு, பதற்றம், பகல் தூக்கமும் போவது, பிறகு அது இல்லாமல் முடியாமல் போவது என்று தொடரும். உங்கள் நண்பர் அதை எத்தனை நாளாகப் போடுகிறார் என்று அன்பாகக் கேளுங்கள், அவருக்கும் உதவி தேவைப்படலாம்.

மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை வையுங்கள். கதையை நான் கேட்டுச் சொல்கிறேன், நீங்கள் பரிசோதிக்கும்போது நானும் நிற்கிறேன், என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நல்ல ஹவுஸ் ஒஃபிசர் யாரும் மறுக்க மாட்டார், உங்களுக்கு அந்தக் கேஸ் சொந்தமாகிவிடும். நோயாளி சொன்னதை அப்படியே சொல்லுங்கள். பயப்படுவார் என்று மென்மையாக்கவோ, உங்களுக்குத் தோன்றியதைச் சேர்க்கவோ வேண்டாம். நஞ்சு குடித்து வந்தவர், அடி வாங்கி வந்தவர், கர்ப்பத்தை மறைத்தவர் என்றால் சொந்தக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். ஒப்பரேஷனுக்குச் சம்மதம் வாங்குவது மட்டும் உங்கள் பொறுப்பல்ல. வைத்தியர் பக்கத்தில் நின்று விளக்க, நீங்கள் சொல்லலாம். அவர் இல்லாமல் படிவத்தோடு உங்களை அனுப்பினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. நோயாளி தன் மொழியில் விளங்கிக்கொள்வது அவருடைய உரிமை, அதை ஏற்பாடு செய்வது வைத்தியசாலையின் கடமை. ஒரு மாணவியின் தோளில் முழுதாக ஏற்றிவிட்டு அது முடிந்தது என்று இருக்க முடியாது.

உள்ளகப் பயிற்சியைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். ஆறு ஆறு மாதமாக ஒரு வருடம், கடினம்தான். ஆனால் அந்த வருடத்தில் நீங்கள் தனியாக இல்லை. மேலே எஸ்எச்ஓ, ரெஜிஸ்ட்ரார், கொன்சல்டன்ட் என்று படிப்படியாக மூத்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அந்த வருடத்தைக் காப்பாற்றுவது விடியப்புறம் ஃபோனை எடுக்கத் தயங்காத பழக்கம். அதை இப்போதே எழுதிப் பழகுங்கள். நான் என்றால் இப்படிச் சொல்லுவேன்: “சேர், மெடிகல் வார்ட் ஹவுஸ் ஒஃபிசர். குளவி கொட்டி வந்த 58 வயது அம்மா. பத்து மணிக்கு பிரஷர் 120க்கு 80, இப்போது 90க்கு 60, நாடி 124. ஆறு மணித்தியாலத்துக்கு 60 மில்லிலீற்றர்தான் சிறுநீர், நிறம் கறுப்பு. சேலைன் போகிறது, அட்ரினலின் ஆயத்தமாக வைத்திருக்கிறேன். திரும்ப ஒவ்வாமை வருகிறதா, சிறுநீரகமும் போகிறதா என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.” அரை நிமிடம் ஆகாது. எழுப்பியதற்குச் சிலர் எரிந்து விழுவார்கள், விழட்டும். இந்த எண்களைக் கேட்ட பிறகு திரும்பப் படுக்கிற வைத்தியர் அபூர்வம்.

அழுகையைப் பற்றி. இரவு முழித்த மறுநாள் கண்ணீர் வருவது உடம்பின் களைப்பு, நன்றாகத் தூங்கி எழுந்தால் தெளியும். கெஷுவல்டி இல்லாத நாட்களிலும் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் போனால் அது வேறு விஷயம், பல்கலைக்கழக வைத்தியரைப் போய்ப் பாருங்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

தொழில் சரிவருமா என்று கேட்டீர்கள். அந்த அம்மா உங்களிடம் சொன்னார். சரிவரும். இரவில்லாத துறைகளும் மருத்துவத்தில் உண்டு, அதை உள்ளகப் பயிற்சி முடித்து, தூங்கி எழுந்த ஒரு நாளில் யோசிக்கலாம்.

இன்னொன்று. இது உங்கள் ஒருவரின் களைப்பு அல்ல, உங்கள் குழு முழுவதின் களைப்பு. அடுத்த கெஷுவல்டிக்கு முன்னால் சிங்கள, முஸ்லிம் நண்பர்களோடு உட்கார்ந்து பேசி, எல்லோரும் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். இரவை இரண்டாகப் பிரித்து நடுச்சாமம் வரை ஒரு பாதிப் பேர், அதற்குப் பிறகு மறு பாதிப் பேர். மாணவிகளுக்கு உள்ளே பூட்டக்கூடிய ஓர் ஓய்வறை. நின்றவர்களுக்கு மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்தவுடன் விடுகை. மூன்றும் செலவு அதிகமில்லாத கோரிக்கைகள். யார் ஏசினார் என்ற கதையை அதில் கலக்காதீர்கள், அதற்கு மாணவர் ஆலோசகரைத் தனியாகப் பாருங்கள். கடிதத்தைப் பேராசிரியர் கையில் நேரில் கொடுத்து, பிரதியொன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.